கண்ணாடி மாட்டப் போனவன்

சில்லு என்பது அவனுக்குக் கண்ணாடிக் கடையில் விழுந்த பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் சாய்த்து வைக்கிறேன் பேர்வழி என்று தரையில் போட்டு உடைத்தான். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இவனோ கீழே கிடந்த ஒரு சில்லைப் பொறுக்கி, அதில் முகம் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டு, “இதுலயும் மூஞ்சி நல்லாத்தான் தெரியுது முதலாளி” என்றானாம். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டியது. முதலாளிக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. வேலையும் நிலைத்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. நாளடைவில் வீட்டிலும் அவன் சில்லுதான். அக்காள் அவனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

அக்காள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவர்களுடைய அம்மா இறந்தபோது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வயது சில்லுவுக்கு. அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்ட பிறகுதான் அவள் ஓட்டுநர் பயிற்சிக்கு ஓடுவாள். “நான் முதல்ல ஓட்டிப் பழகின வண்டி என் தம்பிதான். பிரேக்கே கிடையாது” என்று பணிமனையில் சொல்லிச் சிரிப்பாள்.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. அப்பா ஒரு தகர ஆலையில் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நின்றே காதைத் தொலைத்தவர். அவரிடம் எதைச் சொல்வதானாலும் காதருகே போய்க் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் அந்த வீட்டில் ரகசியம் என்று எதுவும் தங்கியதில்லை. “அப்பா, சூப்புல உப்பு போதுமா?” என்று அக்காள் கேட்டால், கீழ்மாடிப் பெண்மணி படிக்கட்டில் பார்த்து, “போதுமாம்மா உப்பு?” என்று விசாரிப்பாள்.

சில்லு மட்டும் கத்தவே மாட்டான். எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிடுவான். மாலையில் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் முன்னால் நிற்பான். முதலாளி தொந்தியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக்கு விலை சொல்வது, வீட்டுக்கார அம்மாள் பேரம் பேசுவது, கடைசியில் இருவரும் சேர்ந்து தன்னைத் திட்டுவது என்று மூன்று பேராகவும் அவனே மாறுவான். அப்பா தொடையில் தட்டிச் சிரிப்பார். கண்ணில் நீர் வழியும். “போதும்டா, மூச்சு முட்டுது” என்று கையைக் காட்டுவார். “நாள்பூரா பொண்ணு தொண்டை கிழியக் கத்துறேன், ஒரு சிரிப்பு கிடையாது. அவன் வந்து குரங்குச் சேட்டை பண்ணினா மட்டும் பல்லெல்லாம் தெரியுது” என்று அக்காள் பாத்திரத்தை ‘ணங்’கென்று வைப்பாள். அவளுக்கும் அந்த நேரத்துக்காகத்தான் பொழுது சாயும்.

அந்த வருஷம் பேருந்துக் கட்டணத்தை ஏற்றினார்கள். அதில்தான் போராட்டம் தொடங்கியது. முதலில் மாணவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பிறகு ஆலைக்காரர்கள் வந்தார்கள். பிறகு யார் எதற்காக வருகிறார்கள் என்றே தெரியாதபடிக் கூட்டம் பெருகியது. பேருந்தில் ஏறுகிறவர்கள் எல்லாம் அக்காளை முறைத்தார்கள். “என்னை முறைச்சு என்னங்க பண்றது? நானா ஏத்தினேன்? நான் கியர்தான் போடறேன்” என்று அவளும் பதிலுக்கு முறைத்தாள். பாதை மாற்றம், தாமதம், மேலதிகாரியின் ஏச்சு. போராடுகிறவர்கள்மேல் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

சில்லுவுக்கு எரிச்சலும் இல்லை, ஆர்வமும் இல்லை. ஊரில் கல் பறந்தால் கண்ணாடிக் கடையில் வேலை குவியும். அவனும் அவனுடைய கூட்டாளியும் நாள் முழுக்க அளவெடுப்பதும் மாட்டுவதுமாக அலைந்தார்கள்.

“கூட்டத்தைக் கண்டா ஒதுங்கிப் போடா. வாயைப் பொளந்துக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு நிக்காத” என்பாள் அக்காள்.

“வேடிக்கை பாக்க எனக்கு எங்கக்கா நேரம்? அவங்க உடைச்சுக்கிட்டே வர்றாங்க, நான் மாட்டிக்கிட்டே வர்றேன். அவங்களுக்காவது ஞாயித்துக்கிழமை லீவு உண்டு.”

கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையின் முகப்புக் கண்ணாடி உடைந்துபோயிருந்தது. அந்த வேலை சில்லுவுக்கு வந்தது. அக்காளின் பேருந்து போகிற வழியும் அதுதான். அன்று முற்பகல் அந்தக் கடையைத் தாண்டும்போது அவனைப் பார்த்தாள். முக்காலிமேல் ஏறி நின்று, வெறும் சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தெருவுக்கு முதுகு. தம்பியை எங்கே பார்த்தாலும் இரண்டு முறை ஹாரன் அடிப்பது அவள் வழக்கம். அடித்தாள். அவன் திரும்பவில்லை. சுரண்டுகிற கையை நிறுத்தாமல், மற்றக் கையை மட்டும் தலைக்குமேல் தூக்கி, போ போ என்று விரட்டினான். “திமிரைப் பாரு” என்று சொல்லிக்கொண்டே அவள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த நடையில் திரும்பி வந்தபோது கடைத்தெருவின் முனையிலேயே வண்டி நின்றுவிட்டது. முன்னால் வாகனங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. தெருவுக்குள்ளிருந்து ‘டம் டம்’ என்று சத்தம். வெள்ளைப் புகை மாடிகளின் உயரத்துக்கு எழும்பியது. கண் எரிந்தது. பயணிகள் ஜன்னல்களை இழுத்து மூடினார்கள்.

“இவனுங்களுக்கெல்லாம் வீடு வாசல் கிடையாதா? பெத்தவங்க கேக்க மாட்டாங்களா?” என்றார் முன்னிருக்கையில் இருந்த ஒருவர்.

“வேலை வெட்டி இல்லாதவனுங்க. வேற என்ன?” என்றாள் அக்காள். சொன்னது அவளேதான்.

சில்லுவின் கைப்பேசிக்கு அழைத்துப் பார்த்தாள். அவன் எடுக்கவில்லை. கையில் கண்ணாடி இருந்தால் அவன் எடுப்பதில்லை. வேலையை முடித்துக் கிளம்பியிருப்பான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அப்போது தெருவுக்குள்ளிருந்து ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வெளியே வரப் பார்த்தது. வழி இல்லை. அதன் ஓட்டுநர் கையை வெளியே நீட்டிக் கெஞ்சினார். அக்காள் ஸ்டியரிங்கை ஒடித்து, அவ்வளவு பெரிய வண்டியை நடைபாதைமேல் ஏற்றினாள். பக்கவாட்டுக் கண்ணாடி விளக்குக் கம்பத்தில் உரசி நொறுங்கியது. ஆம்புலன்ஸ் அவளுடைய ஜன்னலை ஒட்டி ஊர்ந்து, வழி கிடைத்ததும் பாய்ந்து போனது. ‘யார் பெத்த பிள்ளையோ’ என்று நினைத்தாள். பக்கக் கண்ணாடி உடைந்ததற்குப் பணிமனையில் என்ன பதில் சொல்வது என்பது அடுத்த நினைப்பு.

பணிமனைக்குள் நுழையும்போது கண்ணாடிக் கடை முதலாளி அழைத்தார். “எங்கம்மா இருக்க?” என்று கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை. அந்த மனிதர் பேசாமல் இருந்து அவள் கேட்டதே இல்லை. கடைசியில் மருத்துவமனையின் பெயரை மட்டும் சொன்னார்.

மருத்துவமனை வராந்தாவில் கூட்டாளி தரையில் உட்கார்ந்திருந்தான். விரல்களில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. “கண்ணாடியை எடுத்துட்டு வரலாம்னு பின்சந்துல வண்டிக்குப் போனேன்க்கா. திரும்பி வர்றதுக்குள்ள…” என்றான். போலீஸ் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று சில்லுவின் பின்னந்தலையில் பாய்ந்திருந்தது. வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார் மருத்துவர்.

எந்த வழியில் என்று அக்காள் கேட்டாள். மருத்துவர் விழித்தார். ஆம்புலன்ஸ் எந்தத் தெருவில் வந்தது என்று கூட்டாளிதான் சொன்னான். அவள் நடைபாதைமேல் ஏறி வழி விட்டாளே, அதே ஆம்புலன்ஸ்தான். பிறகு எத்தனையோ நாள் அந்த ஒன்றையே நினைத்து நினைத்துப் பார்த்தாள். தம்பிக்குத் தான் வழி விட்டோம் என்பது சில சமயம் ஆறுதலாக இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அவன் கிடந்தபோது தான் பக்கக் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட்டோம் என்று நினைக்கும்போது ஈரக்குலையே அறுந்தது.

அப்பாவிடம் சொல்ல அவள் தனியாகவே போனாள். முதலாளி துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா ஜன்னலருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “என்ன சீக்கிரமா வந்துட்ட?” என்றார். அவள் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள். கத்துவதற்கு வாய் வரவில்லை. இப்படிப்பட்ட சேதியை எப்படிக் கத்திச் சொல்வது? தம்பி செய்வதைப்போலக் கையை உயர்த்தினாள். தன் பின்னந்தலையைத் தொட்டுக் காட்டினாள். அப்பா புரியாமல் சிரித்தார். தலைவலியா என்று சைகையில் கேட்டார். அவள் கையைக் கீழே போட்டாள். அவரது காதருகே வாயைக் கொண்டுபோய்க் கத்தினாள்.

“சில்லு செத்துட்டான்பா!”

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டது மனத்துக்குள் போகவில்லை. “யாரு?” என்றார். அவள் மறுபடி கத்தினாள். இந்த முறை தம்பியின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் கதவுகள் திறந்தன. கீழ்மாடிப் பெண்மணி படியேறி வந்து, அப்பாவின் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

அன்று மாலையே தொலைக்காட்சியில் சொன்னார்கள். அப்பா சத்தத்தைக் கேட்பதில்லை, அடியில் ஓடும் எழுத்துகளைப் படிப்பார். ‘காவல்துறையினர்மீது கல்வீசிய கும்பலைச் சேர்ந்த இளைஞர் பலி’ என்று ஓடியது. அவர் அதை வாய்விட்டுப் படித்தார். கூடியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, “இன்னொரு பையனும் செத்துட்டானா?” என்று கேட்டார். அக்காள் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தாள்.

அடக்கம் முடிந்த சில நாளில் போராட்டக்காரர்கள் வந்தார்கள். சிறுசுகள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் வந்து சுவரோரம் நின்றார்கள். அவர்களில் ஒரு மாணவி, சில்லுவின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். படத்தின்கீழ் ‘எங்கள் போராளி’ என்றிருந்தது.

“நாளைக்கு ஊர்வலத்துல இவரைத்தான்க்கா முன்னாடி தூக்கிட்டுப் போகப் போறோம்” என்றாள்.

அக்காள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். “இவன் உங்ககூட ஒரு நாளாவது வந்திருக்கானாம்மா?”

“இல்லக்கா. ஆனா எங்களுக்காகத்தானே…”

“உங்களுக்காக இல்லம்மா. ஒரு கடைக்குக் கண்ணாடி மாட்டப் போனான். அவங்க என்னடான்னா கல்லெறிஞ்சான்னு சொல்றாங்க. நீங்க வந்து போராளிங்கறீங்க. ரெண்டுமே அவன் கிடையாது. அவனுக்குக் கல்லும் எறியத் தெரியாது, கோஷமும் போடத் தெரியாது. நல்லா நடிப்பான். விசிலடிச்சா சகிக்காது. எம்மேல உசிரையே வச்சிருந்தான். அவனை அவனாவே விட்டுடுங்க.”

ஒரு பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாணவி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். படத்தின் அடிப்பகுதியை எழுத்துகளோடு சேர்த்து மடித்துக் கிழித்துவிட்டு, முகம் மட்டும் இருந்த தாளை அக்காளிடம் நீட்டினாள். “மன்னிச்சிடுங்கக்கா” என்றாள். போகும்போது, தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மா இருக்கிறார், உதவுவார் என்று விலாசம் சொல்லிவிட்டுப் போனாள்.

விசாரணை நடந்தே தீர வேண்டும் என்று வக்கீலம்மா விண்ணப்பித்தார். விசாரணை தொடங்கியதும், அடி பின்னந்தலையில் என்று மருத்துவர் சொன்னார். கல்லெறிந்துவிட்டு ஓடியிருப்பான், அதனால் பின்னால் பட்டிருக்கும் என்றது போலீஸ் தரப்பு. அவன் வேலை செய்துகொண்டிருந்ததைத் தான் பார்த்ததாக அக்காள் சொன்னாள். “நீங்கள் பார்த்தது அதற்கு முந்தின நடையில் அல்லவா?” என்று கேட்டு அவள் வாயை அடைத்தார்கள். குண்டு பாய்ந்த அந்தக் கணத்தில் அவனைப் பார்த்தவர் ஒருவர்தான். கடைக்குள் இருந்த செருப்புக் கடைக்காரர்.

அக்காள் அவரைப் போய்ப் பார்த்தாள். முகப்பில் புதுக் கண்ணாடி வந்துவிட்டிருந்தது. வேறு யாரோ மாட்டியிருந்தார்கள். கடைக்காரர் அவளைக் கண்டதும் எழுந்து, உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். விஷயத்தை எடுத்ததும் மென்று விழுங்கினார்.

“புகைம்மா. ஒண்ணும் சரியாத் தெரியல.”

“குண்டு விழுந்த பிறகுதானேண்ணா புகை வரும்?”

அவர் ஒரு செருப்பை எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே பளபளத்த செருப்பு. “தெருமுனையில போலீஸ் ஸ்டேஷன் இருக்கும்மா. நாளைக்கும் நான் இங்கதான் கடை போடணும். எனக்கும் பிள்ளைங்க இருக்கு” என்றார் தலை நிமிராமல்.

அவள் திட்டவில்லை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வேலைக்குத் திரும்பியபோது, வேறு தடம் வேண்டுமா என்று பணிமனையில் கேட்டார்கள். வேண்டாம் என்றாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு நடையிலும் அந்தக் கடையைத் தாண்டினாள். ஹாரன் அடிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போனாள்.

ஒரு நாள் மத்தியானம் கடைத்தெரு நிறுத்தத்தில் செருப்புக் கடைக்காரர் வண்டியில் ஏறினார். அவளுக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்தார். எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் அசையவில்லை. அக்காள் எஞ்சினை அணைத்தாள்.

“உன் வண்டி வர்ற சத்தம் கேட்டாலே உள்ள போய் ஒளிஞ்சுக்கறேன்மா” என்றார் கடைக்காரர். “நாளெல்லாம் நாலு நடை வர்ற, அஞ்சு நடை வர்ற. செருப்புக் கடைக்காரன் எத்தனை நாள்தான் சரக்கு ரூம்ல உக்காந்து வியாபாரம் பண்றது? வீட்டுக்காரி கேட்டா. என்னத்துக்குப் பயப்படறீங்க, போலீசுக்கா, பஸ்சுக்கான்னு கேட்டா. சொல்லிடறேன்மா. எங்க வந்து சொல்லணும்னு சொல்லு.”

அக்காளுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. ஸ்டியரிங்மேல் கையை வைத்தபடி, “கடைசியா ஏதாவது பேசினானாண்ணா?” என்று கேட்டாள்.

“பேசினானா? வாய் எங்க மூடுச்சு அவனுக்கு!” என்றார் அவர். “கூட்டம் அப்ப தூரத்துலதான் இருந்துச்சு. எதிரெதிரா நின்னு பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். நடுவுல கண்ணாடிதான் இல்லையே. ‘அண்ணே, கண்ணாடி இல்லாம கடை நல்லாக் காத்தோட்டமா இருக்கு. இப்படியே விட்டுட்டா உங்களுக்கும் செலவு மிச்சம், எனக்கும் வேலை மிச்சம்’னான். நான் சிரிச்சேன். நான் சிரிக்கறதைப் பாத்து அவனும் சிரிச்சான். அப்பத்தான் முதல் குண்டு…”

அக்காள் சிரித்துவிட்டாள். அவன் போன பிறகு அவளுக்கு வந்த முதல் சிரிப்பு. அது எங்கேயோ திசை மாறி அழுகையாக வெடித்தது. ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக் குமுறிக் குமுறி அழுதாள். கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொன்னபடியே அவர் விசாரணையில் வந்து சொன்னார். சொல் பிசகவில்லை. முக்காலிமேல் நின்றிருந்தான், முகம் தன்னைப் பார்த்து, முதுகு தெருவைப் பார்த்து, கையில் சுரண்டும் தகடு என்றார். குறுக்கே குறுக்கே கேட்டும் அதையே சொன்னார். அதன் பிறகு அவர் கடைக்கு எதிரே போலீஸ் வண்டி ஒன்று கொஞ்ச நாள் சும்மா வந்து வந்து நின்றது. அவரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் முடிவு வந்தது. இறந்தவர் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல, தன் வேலையில் இருந்தவர் என்று விசாரணை அதிகாரி வாசித்தார். குண்டைத் தலை உயரத்துக்குச் சுட்டது தவறு என்றும் வாசித்தார். சுட்டது யார் என்று மட்டும் கண்டறிய இயலவில்லையாம். எல்லோரும் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள், பலரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள் என்றார். அக்காள் எழுந்தாள். பேசக் கூடாது என்று வக்கீலம்மா கையைப் பிடித்தும் பேசினாள்.

“உங்களுக்குத் தெரியாம இருக்கலாம்யா. சுட்டவருக்குத் தெரியும்ல?”

சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்களைப் பார்த்தாள். பாதிப் பேருக்குச் சில்லுவின் வயதுதான் இருக்கும். சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தார்கள். அதிகாரி தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்பாவுக்கு அந்த முடிவு ஓரளவு போதுமானதாக இருந்தது. “கும்பல்னு சொன்னதை வாபஸ் வாங்கிட்டாங்கள்ல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். அவளுக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

மறு வருஷம் நகரத்தின் மறுகோடியில் இன்னொரு சாவு. கடையில் மருந்து வாங்கிக்கொண்டு வந்த இளம்பெண், போலீஸ் தடியடியில் விழுந்து எழுந்திருக்கவில்லை. அந்த மாணவிதான் அக்காளுக்கு அழைத்துச் சொன்னாள். அந்தப் பெண்ணின் அம்மா யாரிடமும் பேசமாட்டேன் என்கிறாள், நீங்கள் ஒரு நடை வர முடியுமா என்றாள். போய் என்ன சொல்வது என்று அக்காளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறி, பயணியாகப் போனாள்.

சின்ன வீடு. அந்த அம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அக்காள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“என் தம்பியும் இப்படித்தான்மா போனான்” என்றாள்.

வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் திரும்பாமலே கேட்டாள். “எப்ப சரியாகும்?”

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம்தான். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. “எனக்கு இன்னும் ஆகலம்மா. காலையில எழுந்திரிக்கறேன். வண்டியை எடுக்கறேன். சாப்பிடறேன்” என்றாள். பிறகு, “நீங்க எப்ப சாப்பிட்டீங்க?” என்று கேட்டாள்.

அக்காள் எழுந்து சமையலறைக்குள் போனாள். யார் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று தெரியாமல் திருகிப் பார்த்துப் பற்றவைத்தாள். நான்கு முட்டை இருந்தது. வேகவைத்து, ஓட்டை உரித்து, உப்பு தூவித் தட்டில் கொண்டுவந்தாள். அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். பாதி முட்டை தின்றாள். தின்றுகொண்டே மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஒரு நிமிஷம்கூட வீட்டில் தங்கமாட்டாளாம், எந்நேரமும் பாட்டாம், செருப்பை எங்கே கழற்றிப் போட்டோம் என்பதே தெரியாதாம்.

அக்காள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் நகர்த்திக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தாள்.